இரை எடுக்காத குட்டி

"ஒரு வாரமா வாயே தொறக்கலைங்கறியே, ஒரு கிண்ணம் பால் வெச்சுப் பாத்தியாப்பா?"

எங்கள் எதிர்வீட்டுப் பாட்டி கேட்டது இது. குட்டியின் பெயர் பால் பைத்தான் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். ஆடி மாதம் புற்றுக்குப் பால் ஊற்றி வளர்ந்தவர் வேறு என்ன கேட்பார்? பெயரில் இருக்கும் 'பால்' ஆங்கிலத்தில் பந்து. பயந்துவிட்டால் இந்தப் பாம்பு பெரும்பாலும் சீறாது, ஓடாது. தலையை நடுவில் ஒளித்துவைத்து, உடம்பைப் பந்தாகச் சுருட்டிக்கொள்ளும். அதனால் வந்த பெயர். பாலும் சோறும் முட்டையும் இதற்கு உணவல்ல. தாகத்தில் பாலைக் குடித்துவிட்டாலும் வயிறு கெடுமே தவிர ஒட்டாது.

இந்த அத்தியாயத்தைப் பெயரிலிருந்து தொடங்கக் காரணம் உண்டு. குட்டி இரை எடுக்கவில்லை என்று வருகிறவர்கள் "பிடிவாதம் பிடிக்குது" என்றுதான் சொல்கிறார்கள். பிடிவாதம் அல்ல. முக்காலே மூணு வீசம் அது பயம். மிச்சம் இருப்பது சூடு. இரையில் கோளாறு என்பது மிக அரிது. ஆனால் நாம் முதலில் மாற்றுவது இரையைத்தான். எலியை மாற்றி, எலியின் நிறத்தை மாற்றி, தினமும் பெட்டியைத் திறந்து மூக்குக்கு நேரே நீட்டி, பயந்த குட்டியை இன்னும் பயமுறுத்துகிறோம். முதல் குட்டி வந்தபோது நானும் இதைத்தான் செய்தேன். நாளுக்கு மூன்று முறை மூடியைத் திறந்தேன். நான் திறப்பதை நிறுத்திய பிறகுதான் அது சாப்பிட்டது.

முட்டையிலிருந்து வெளிவந்த குட்டி ஏறக்குறைய 50 முதல் 65 கிராம் இருக்கும். ஒரு கோழிமுட்டையின் எடை. அந்த எடையில் உள்ள உயிருக்கு மைனாவும் பகை, காக்கையும் பகை, நம் கையும் பகை. இந்தப் பாம்புகளின் தாயகமான கானா, டோகோ, பெனின் முதலிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் புல்வெளியில், பகல் முழுவதும் எலி வளையிலோ கரையான் புற்றிலோ உடம்பு நான்கு பக்கமும் மண்ணில் உரசும்படி இறுக்கமாக அடைந்து கிடக்கும். பொழுது சாய்ந்த பிறகுதான் தலையை நீட்டும். பாம்பு குடியிருக்கும் இடம் புற்று என்று நம்மவர்கள் நினைத்தது இந்தப் பாம்பு விஷயத்தில் அப்படியே உண்மை.

பெனின் நாட்டு ஊய்டா நகரமும் நம் காஞ்சிபுரத்தைப் போலக் கோயில் ஊர். அங்கே இதே பாம்புகளுக்கு ஒரு கோயில் இருக்கிறது. யாரும் கொல்வதில்லை. இரவில் அவ்வப்போது வெளியே விடுவார்கள். தாமாகப் போய் இரை தேடும். யார் வீட்டுக்குள்ளாவது புகுந்துவிட்டால் அந்த வீட்டார் மரியாதையாக எடுத்துவந்து கோயிலில் விடுவார்கள். சாப்பிடும் இடத்தையும் நேரத்தையும் அங்கே பாம்பு தீர்மானிக்கிறது. நம் பெட்டிக்குள் எல்லாவற்றையும் நாம் தீர்மானிக்கிறோம். அந்தப் புற்றின் இருட்டையும் இறுக்கத்தையும் தனிமையையும் திருப்பிக் கொடுப்பதுதான் நமக்கு வேலை.

எங்கிருந்து வந்த குட்டி?

வாங்கும் இடத்திலேயே பாதி தீர்ந்துவிடும். முட்டை பொரிந்து ஒரு வாரம், பத்து நாளில் குட்டி முதல் சட்டையை உரிக்கும். அதற்குப் பிறகே முதல் இரை. இரை எடுத்துப் பழகாத குட்டியை வாங்காதீர்கள். "எத்தனை முறை சாப்பிட்டது, என்ன சாப்பிட்டது, உயிருள்ளதா உறைந்ததா, எந்தத் தேதியில்?" என்று கேளுங்கள். ஐந்து முறையாவது தானாக எடுத்த குட்டி வேண்டும். விற்பவர் முன்னால் ஒருமுறை சாப்பிட்டுக் காட்டச் சொல்வதில் தவறே இல்லை. 'ஸ்பைடர்' என்ற நிற வகையை எவ்வளவு அழகாக இருந்தாலும் தவிர்த்துவிடுங்கள். அந்த வகைக்குப் பரம்பரையாகவே தலை ஆடும் குறை உண்டு. குறி தவறி இரையைப் பிடிக்கத் திணறும்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 2023 ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் பிடிபட்டன. அதே ஆண்டு ஜனவரியில் பாங்காக்கிலிருந்து சென்னைக்கு வந்த பெட்டிகளில் பால் பைத்தான்கள் மட்டும் 45. இப்படித் துணிப்பையிலும் டப்பாவிலும் அடைபட்டு, நாள்கணக்கில் தண்ணீரில்லாமல் வந்த குட்டி எப்படிச் சாப்பிடும்? இரை எடுக்காத குட்டிகளில் எத்தனையோ இந்த வழியில் வந்தவை. சட்டமும் இப்போது தெளிவாக இருக்கிறது. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. அதன்படி 2024 பிப்ரவரியில் வந்த விதிகள், இதுபோன்ற அயல்நாட்டு உயிரை வைத்திருப்பவர் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. கைமாறினாலும் குட்டி பிறந்தாலும் தெரிவிக்க வேண்டும். பதிவுத் தாள் இல்லாமல் ஒருவர் விற்க வந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். நம் நாட்டு மலைப்பாம்போ சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. அதை வீட்டில் வைக்கும் பேச்சுக்கே இடமில்லை.

பெட்டியும் தறியும்

பெரிய கண்ணாடித் தொட்டியில் குட்டியைத் தனியாகப் போட்டால் அது மைதானத்தில் விடப்பட்ட குழந்தை மாதிரி. முதல் ஆறு மாதத்துக்கு மூடி பூட்டும் வசதியுள்ள சின்ன பிளாஸ்டிக் பெட்டி போதும். இரண்டரைச் சாண் நீளம், ஒன்றரைச் சாண் அகலம். ஒளி ஊடுருவாத நிறமாக இருந்தால் நல்லது. காற்றுக்குப் பக்கவாட்டில் சூடான கம்பியால் துளைகள் போடுங்கள். துளை பென்சில் நுழையாத அளவில் இருக்கட்டும். தலை நுழைந்த இடத்தில் பாம்பு முழுவதும் நுழைந்துவிடும்.

அடியில் தென்னை நார்த்தூளை இரண்டு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். நம் பக்கத்தில் இது மலிவு, ஈரம் தாங்கும். உரம் கலந்த நார்த்தூள் கூடாது. ஒளிந்துகொள்ள அரைக் கொட்டாங்கச்சியைவிடச் சிறந்த பொருளை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. விளிம்பில் ஒரு வாசல் வெட்டி, முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, கவிழ்த்து வையுங்கள். குட்டி உள்ளே சுருண்டால் முதுகு ஓட்டில் படும். அந்த உரசல்தான் அதற்குத் தைரியம். சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என இரண்டு கட்டாயம் வேண்டும். ஒன்றே ஒன்று இருந்தால் குட்டி சூட்டுக்கும் பத்திரத்துக்கும் இடையில் தேர்ந்தெடுக்க வேண்டிவரும். பத்திரத்தைத்தான் தேர்ந்தெடுக்கும். குளிர்ந்த வயிற்றோடு கிடந்து, பசியே எடுக்காமல் போகும். வளர வளரக் கொட்டாங்கச்சிக்குப் பதில் சின்ன மண்சட்டிக்கு மாறலாம். நடுவில் எளிதில் கவிழாத தண்ணீர்க் கிண்ணம். மிச்சமுள்ள இடத்தில் காய்ந்த வாழைச்சருகைக் கசக்கிப் போட்டு மறைவை நிரப்புங்கள்.

இனி, வெளிநாட்டுப் புத்தகம் எதிலும் கிடைக்காத ஒன்று. உங்கள் வீட்டில் தறி இருக்கிறதா?

பாம்புக்கு வெளிக்காது இல்லை. ஆனால் தரையின் அதிர்வு தாடை எலும்பு வழியாக உட்காதுக்குப் போகிறது. 2012இல் டென்மார்க் ஆய்வாளர்கள் இதே இனப் பாம்பை வைத்துச் சோதித்தார்கள். காற்றில் வரும் ஓசையை அது மோசமாகவே கேட்கிறது, அதிர்வையோ நுட்பமாக உணர்கிறது என்று கண்டார்கள். குழித்தறியில் ஒவ்வொரு ஊடைக்கும் பலகை அடிக்கிற அடி நமக்குச் சத்தம். தரையோடு தாடையைப் பதித்துக் கிடக்கும் குட்டிக்கு அது உடம்பில் விழும் அடி. காலை முதல் விளக்கு வைக்கும் வரை அடி விழுந்துகொண்டே இருக்கும் வீட்டில், பெட்டி தறி நிற்கும் கூடத்திலேயே தரையில் இருந்தால், குட்டி எப்போதும் சுருண்டேதான் கிடக்கும்.

அதற்காகத் தறியை நிறுத்த முடியுமா? பெட்டியை நகர்த்துங்கள். தறிக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு சுவராவது இருக்கட்டும். தரையில் வைக்காமல் மேசைமேல் வையுங்கள். மேசைக்கும் பெட்டிக்கும் இடையே இரண்டு மடங்கு மடித்த கோணிப்பையோ பஞ்சு மெத்தையின் துண்டோ போடுங்கள். கிரைண்டர், ஃபிரிட்ஜ், பைக் நிறுத்தும் நடை மூன்றும் தறிக்குச் சமம். இரை கொடுப்பது தறி நின்று இரண்டு மணி நேரம் கழித்து. வரதராஜப் பெருமாள் கோயிலை ஒட்டிய தெருக்களில் இருப்பவர்களுக்கு ஒரு சொல் கூடுதலாக: வைகாசிப் பிரம்மோற்சவத்தில், அதிலும் கருட சேவையையொட்டி வேட்டும் மேளமும் கூட்டமும் அதிரும் இரவுகளில் இரை நீட்டாதீர்கள். இரண்டு நாள் கழித்துக் கொடுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

சூடு

குளிர் நாட்டில் எழுதப்பட்ட நூல்கள் எல்லாம் "சூடாக்கு, சூடாக்கு" என்கின்றன. அதைப் படித்து மே மாதத்திலும் ஹீட் மேட்டை (மின்சூட்டு விரிப்பை) ஓட விடுகிறவர்கள் காஞ்சிபுரத்தில் இருக்கிறார்கள். வெளியே 40 டிகிரி அடிக்கும் அக்கினி நட்சத்திரத்தில் ஓட்டு வீட்டுக்குள் பிற்பகலில் என்ன இருக்கும் என்று தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா?

பெட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 25 முதல் 27. இதுதான் குட்டி கேட்பது. 35ஐத் தாண்டிய பெட்டியில் பசி அடங்கிவிடும். அதற்கு மேல் ஏறினால் உயிருக்கே ஆபத்து. குட்டி எந்நேரமும் தண்ணீர்க் கிண்ணத்தில் கிடக்கிறதென்றால் முதலில் சூட்டைச் சந்தேகப்படுங்கள். அடுத்து உண்ணியை. சித்திரை, வைகாசியில் ஹீட் மேட்டைக் கழற்றியே வையுங்கள். மாடி அறையில் வேண்டாம். மாடிப்படிக்கு அடியிலோ வீட்டின் நடு அறையிலோ கீழ்த்தளத்தில் பெட்டி இருக்கட்டும். பிற்பகலில் பெட்டியின் ஒரு பக்கச் சுவரை ஒட்டி, வெளியே, ஈரத்துணி சுற்றிய மண்குடம். மின்சாரம் போன நாளில் பனிக்கட்டியாக்கிய தண்ணீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி அதே இடத்தில் வைக்கலாம். பெட்டிக்குள் வைக்கக் கூடாது. இரை கொடுப்பது இரவு பத்து மணிக்கு மேல், அறை 30க்கு இறங்கிய பிறகு.

மார்கழி, தையில் கதை தலைகீழ். விடியற்காலையில் இங்கே 20 டிகிரிக்கு அருகே இறங்கும். அப்போது ஹீட் மேட் வேண்டும், கூடவே தெர்மோஸ்டாட் கட்டாயம் வேண்டும். தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட் மேட் குட்டியின் வயிற்றைச் சுட்டுவிடும். பெட்டி சூடாகாத இரவில் இரை கொடுத்தால் செரிக்காமல் கக்கும். காற்றின் ஈரப்பதம் 55 முதல் 70 விழுக்காடு இருந்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது தானாகவே கிடைக்கும். அப்போது தெளிப்பதை நிறுத்தி, நார்த்தூளில் பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொள்வதே வேலை.

வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகையை இந்த அறைக்குள் கொண்டுவராதீர்கள். கொசுவர்த்தியும் கொசு மருந்துத் திரவமும் அப்படியே. எறும்புச் சாக்பீஸில் இருக்கும் பூச்சிமருந்து ஊர்வனவற்றுக்கு விஷம். எறும்பு வராமலிருக்கப் பழைய வழி இருக்கிறது. பாட்டி வீட்டில் பலகார அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தியிருப்பார்களே, மேசைக் கால்களை அதே மாதிரி நிறுத்துங்கள். இது ஏன் அவசியம் என்பது சற்றுக் கழித்துத் தெரியும்.

ஏழு நாள்

குட்டி வந்த நாளில் எடை பாருங்கள். பட்டையும் ஜரிகையையும் கிராம் கணக்கில் நிறுத்து வாங்கி, சேலையாக நிறுத்துக் கொடுக்கிற ஊர் இது. தராசை நம்பும் பழக்கம் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சமையலறை டிஜிட்டல் தராசு போதும். நோட்டில் தேதியும் எடையும் எழுதி மூடிவிடுங்கள். அடுத்த ஏழு நாள் கையில் எடுக்காதீர்கள். தண்ணீர் மாற்ற மட்டும் திறக்கலாம். நண்பர்களுக்குக் காட்டுவது, கைப்பேசியில் படம் எடுப்பது, கொட்டாங்கச்சியைத் தூக்கி "இருக்கா?" என்று பார்ப்பது எல்லாம் எட்டாம் நாளுக்குப் பிறகு.

இரையின் வேலை

இந்த ஊரில் பல வீடுகளில் முட்டைகூட நுழையாது. ஃபிரிட்ஜில் எலி வைப்பதைப் பற்றி அம்மாவிடம், மனைவியிடம், மாமியாரிடம் குட்டி வாங்கும் முன்பே பேசுங்கள். அவர்களுக்கு மனமில்லை என்றால் தனியாகச் சின்ன உறைபெட்டி வாங்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் இந்தப் பாம்பு உங்களுக்கு வேண்டாம். வேறு உணவில் இதை வளர்க்க வழியே இல்லை. மறைத்து வைத்துப் பின்னால் தெரியவந்தால் உறைபெட்டியோடு பாம்பும் வெளியேற்றப்படும்.

வயலிலும் தெருவிலும் பிடித்த எலியைக் கொடுக்கவே கூடாது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்தில் எலி பிடிப்பதில் கைதேர்ந்த இருளர்கள் இருக்கிறார்கள், கேட்டால் கொண்டுவந்து தருவார்கள். ஆனால் அந்த எலி எந்த வீட்டு விஷக்கேக்கைத் தின்று வந்தது என்று யாருக்கும் தெரியாது. புரோமாடியோலோன் கலந்த கேக்கைத் தின்ற எலி சில நாள் உயிரோடு நடமாடும். அதை விழுங்கும் பாம்புக்குள்ளும் அந்த விஷம் போகும். குடற்புழு, உண்ணி வேறு.

கூண்டில் வளர்த்த வெள்ளைச் சுண்டெலி அல்லது வெள்ளை எலியின் குட்டிகள்தான் சரி. (வெள்ளெலி என்று நம் ஊரில் சொல்வது வயலில் வாழும் வேறொரு விலங்கு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.) நீங்களே ஓர் ஆண், இரண்டு பெண் சுண்டெலிகளை வளர்த்தால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும். வாசனை தாங்க முடியுமா என்பது உங்கள் கையில். எது எப்படியானாலும் அவற்றுக்கும் நல்ல தீனி, சுத்தமான தண்ணீர், நிழல் வேண்டும். இரைக்கென வளர்ப்பது என்பதால் அவற்றின் உயிர் மலிவாகிவிடவில்லை. வலியில்லாமல் முடிக்கும் முறையைக் கால்நடை மருத்துவரிடம் நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

இரையின் எடை பாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கு முதல் அதற்குச் சற்றுக் கூடுதல்வரை. 60 கிராம் குட்டிக்கு 6 முதல் 9 கிராம், அதாவது உடம்பில் முடி வந்து, தாவத் தொடங்கும் சுண்டெலிக் குட்டி. அல்லது பிறந்து சில நாளான எலிக் குட்டி. முடிந்தால் எலியிலேயே பழக்குங்கள். சுண்டெலியையே தின்று வளர்ந்த பாம்பு பின்னால் பெரிய எலிக்கு மாற மறுத்து உங்களைப் படுத்தும்.

உறைந்த இரையை முதல் நாள் இரவே பையோடு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். மறுநாள் இரவு, பையைத் திறக்காமல், கை பொறுக்கும் சூட்டில் உள்ள தண்ணீரில், சுமார் 40 டிகிரியில், கால் மணி நேரம் போடுங்கள். நடு வயிறு குளிர்ந்திருக்கக் கூடாது. கொதிநீரும் மைக்ரோவேவும் வேண்டாம். வெளியே வெந்து உள்ளே உறைந்திருக்கும், வயிறும் வெடிக்கும். எடுத்துக் காகிதத்தில் ஒற்றித் துடைத்து, கடைசியாகத் தலையை மட்டும் இன்னொருமுறை வெந்நீரில் தொட்டு எடுங்கள். இந்தப் பாம்பின் மேலுதட்டில் வரிசையாகக் குழிகள் இருக்கின்றன. அவை சூட்டை "பார்க்கும்" கண்கள். இருட்டில் 38 டிகிரித் தலை அதற்கு விளக்குப் போலத் தெரியும், எங்கே கவ்வுவது என்பதும் தெரியும். ஆறிப்போன இரை அதற்குக் கல்.

கொடுக்கும் இரவு

எட்டாம் நாள். கண் பாலாடை போல மங்கி, தோல் வெளிறி இருந்தால் சட்டை உரிக்கப் போகிறது என்று பொருள். உரித்து முடியும்வரை ஒத்திவையுங்கள். இல்லையென்றால் அறை விளக்கை அணைத்து அரை மணி நேரம் காத்திருங்கள். ஓரத்தில் மங்கலான வெளிச்சம் போதும்.

நீளமான இடுக்கியால் இரையின் இடுப்பைப் பிடியுங்கள். மூடியைக் கொஞ்சமாகத் திறந்து, கொட்டாங்கச்சி வாசலுக்கு ஒரு சாண் தள்ளிக் காட்டுங்கள். முகத்துக்கு நேரே கொண்டுபோகாதீர்கள். எலி பாம்பை நோக்கி நடந்து வருவதில்லை. குறுக்கே, மெதுவாக, நின்று நின்று நகர்த்துங்கள். குட்டி தலையை நீட்டி நாக்கை நிதானமாக வீசி, கழுத்தை வளைத்துப் பின்னிழுத்தால் அது குறி வைக்கிறது. அசையாமல் பிடித்திருங்கள். கவ்விச் சுற்றியதும் இடுக்கியை மெல்ல விலக்கி, மூடியைச் சத்தமில்லாமல் மூடி, அறையைவிட்டு வெளியே போய்விடுங்கள். விழுங்குவதைப் பார்க்கும் ஆசை இருக்கத்தான் செய்யும். பத்து முறை சாப்பிட்ட பிறகு பாருங்கள்.

தலையை இழுத்துக்கொண்டு பந்தானாலோ, மூடிய வாயால் இடித்தாலோ, கவ்வி உடனே விட்டாலோ அது பயம். அந்த இரவு இடுக்கி வேலை முடிந்தது. மீண்டும் மீண்டும் தொட்டுத் தூண்டினால் இடுக்கியே அதற்கு எதிரியாகிவிடும். இரையைச் சூடாக்கி வாசலருகே ஒரு சின்னத் தட்டில் வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். கூச்சமுள்ள குட்டிகள் பல இப்படித்தான் முதல் இரையை எடுக்கின்றன. மேசைக் காலுக்குத் தண்ணீர்க் கிண்ணம் கேட்டது இதற்காகத்தான். நம் ஊரில் காப்பில்லாமல் வைத்த இரையை விடியுமுன் எறும்பு மொய்த்துவிடும், கூடவே குட்டியையும் கடிக்கும். காலையில் மிஞ்சியிருந்தால் எடுத்து எறியுங்கள். மறுபடி உறைய வைக்கக் கூடாது.

மறுத்தால்

ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளி. ஒரு முறைக்கு ஒரே ஒரு மாற்றம். இந்த இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டால் எந்த மாற்றம் பலித்தது என்று உங்களுக்கே தெரியும். நோட்டில் எழுதுங்கள்.

முதல் மறுப்புக்குப் பிறகு இரையைத் தொடாதீர்கள், வீட்டைப் பாருங்கள். சூடு எத்தனை, அதிர்வு எங்கிருந்து, ஒளிவிடம் இறுக்கமா. இரண்டாம் முறை, இரையைச் சற்றுச் சிறிதாக்குங்கள். மூன்றாம் முறை, வாசனையை மாற்றுங்கள். தென்கிழக்கு நைஜீரியாவில் காட்டுப் பாம்புகளைப் பரிசோதித்து 1998இல் வெளியான ஆய்வு ஒன்று, 70 செ.மீ.க்குக் குறைந்த பாம்புகள் பெரும்பாலும் சிறு பறவைகளையே தின்றிருந்ததைக் காட்டியது. அதனால் ஆரோக்கியமான கோழிக்குஞ்சின் இறகால் சுண்டெலியைத் தேய்த்துக் கொடுத்தால் சில குட்டிகள் சட்டென்று கவ்வும். எலிக்கூண்டின் அழுக்கு மரத்தூளில் இரையைப் புரட்டுவதும் பலிக்கும்.

உயிருள்ள இரை? எனக்கு அதில் விருப்பமில்லை. ஆனாலும் நான்கு வாரம் எதையும் எடுக்காத குட்டிக்கு, கண் திறக்காத சுண்டெலிக் குட்டியை ஒருமுறை வைப்பது அதன் உயிரைக் காக்கலாம் என்பதையும் மறைக்க மாட்டேன். கண் திறந்து, பல் முளைத்த எலியைப் பாம்போடு தனியே விடக் கூடாது. பசிக்காத பாம்பை எலி கடித்துக் குதறிவிடும். உயிருள்ளதை எடுத்த குட்டிக்கு அடுத்த முறை புதிதாக முடித்த வெதுவெதுப்பான இரை, அதற்கடுத்து உறைந்து உருகியது என்று படிப்படியாக மாறலாம்.

"பெரிய பால் பைத்தான் மாசக்கணக்கில் பட்டினி கிடக்குமாமே" என்று ஆறுதல் தேடாதீர்கள். வளர்ந்தவை, குளிர்மாதங்களில் குறிப்பாக ஆண்கள், அப்படிக் கிடக்கும். அவற்றின் உடம்பில் சேமிப்பு இருக்கிறது. கோழிமுட்டை எடையுள்ள குட்டிக்கு அது கிடையாது.

வாரம் ஒருமுறை எடை பாருங்கள். வந்த நாள் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், அல்லது ஐந்தாறு வாரமாக ஒன்றுமே எடுக்கவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். மூக்கில் குமிழி, வாயைத் திறந்து மூச்சு, ஈறில் சீழ், செதிலிடையே அசையும் கறுப்புப் புள்ளிகள் இவற்றில் ஒன்றைக் கண்டால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். கண் குழிந்து, தோல் சுருங்கி, எச்சில் கயிறாக இழுத்தால் தண்ணீர் வற்றியிருக்கிறது. 30 டிகிரித் தண்ணீரைப் பாதி உடம்பு நனையும் அளவு விட்டு, கால் மணி நேரம் பக்கத்திலேயே இருந்து நனைய விடுங்கள், பிறகு கிளம்புங்கள். எல்லாக் கால்நடை மருத்துவரும் பாம்பு பார்ப்பதில்லை. பார்ப்பவர் யார் என்று முன்பே கேட்டு வையுங்கள். தெரியாவிட்டால் சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள், 75 கிலோமீட்டர்தான். பருத்திப் பையில் கட்டி, பையைப் பெட்டிக்குள் வைத்து, விடியற்காலையில் பயணம். வாயைத் திறந்து இரையைத் தள்ளும் வேலையை நீங்களே செய்யாதீர்கள். தாடை உடையும், மூச்சுக்குழல் அடைபடும். பிழைத்தாலும் அதற்குப் பிறகு உங்கள் கையைக் கண்டாலே பந்தாகும். அது மருத்துவர் செய்ய வேண்டியது, அதுவும் கடைசியாக.

சலித்துப்போய் "பாலாற்றில் விட்டுட்டா பொழச்சுக்கும்" என்று நினைப்பவர்களும் உண்டு. சாப்பிடாத குட்டி அங்கே பிழைக்காது. பிழைத்தாலோ ஆபத்து நமக்கு. அமெரிக்காவின் புளோரிடாவில் வளர்ப்பு வணிகத்தின் வழியாக வெளியேறிய பர்மிய மலைப்பாம்புகள் சதுப்புநிலத்தின் உயிரினங்களைத் தின்று பெருகின. அவற்றைத் தேடிப் பிடிக்க 2017இல் நம் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அத்தனை தூரம் போனார்கள். இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. வளர்க்க முடியவில்லை என்றால் பதிவுத் தாளோடு முறைப்படி வேறொருவருக்கு மாற்றுங்கள், அல்லது வனத்துறையிடம் சொல்லுங்கள்.

முதல் இரைக்குப் பின்

எடுத்துவிட்டது. வயிற்றில் மேடு தெரிகிறது. கையில் எடுத்துக் கொஞ்சத் தோன்றும். 48 மணி நேரம் தொடாதீர்கள், மேடு வடியும்வரை இன்னும் நல்லது. இந்த நாள்களில் சூடான பக்கம் தவறாமல் சூடாக இருக்க வேண்டும். கக்கிவிட்டால் பதறி உடனே இன்னொன்றைக் கொடுக்காதீர்கள். வயிற்றின் அமிலம் மீண்டும் ஊற இரண்டு வாரம் விட்டு, பாதி அளவு இரையில் தொடங்குங்கள்.

இரையைத் தொட்ட கையையும் பாம்பைத் தொட்ட கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஊர்வனவற்றிடம் சால்மொனெல்லா கிருமி இருக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் பெட்டி அவர்கள் கைக்கு எட்டாத இடத்தில்.

அடுத்த இரை ஆறாம் அல்லது ஏழாம் நாள். அதே நேரம், அதே இருட்டு, அதே இடுக்கி, அதே வகை எலி, அதே கொட்டாங்கச்சி வாசல். பெட்டியைப் பெரிதாக்குவதும் எலியைப் பெரிதாக்குவதும் நான்கு முறை தொடர்ந்து எடுத்த பிறகு. எதிர்வீட்டுப் பாட்டி வந்து கேட்டால் நோட்டைக் காட்டுங்கள். 58, 57, 57, 56, பிறகு 63.